மூன்றாம் ஓலை

அந்தச் சொல்லை நான் முதலில் பார்த்தது ஒரு பழுப்பேறிய படிவத்தின் தலையில். பேன்ஸ். நடுவில், பெரிய எழுத்தில், கீழே ஒரு கோடு போட்டு அச்சடித்திருந்தார்கள். எண்பதுகளின் பின்பாதி அது. நான் பி.ஏ. இங்கிலீஷ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஆனால் இந்த ஒற்றைச் சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் வாய் வரவில்லை. தெரிந்தவள் மாதிரி பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

படிவம் எதற்கு என்பது மட்டும் தெரியும். எங்கள் சபையில் ஒரு கல்யாணம் என்றால், அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் ஆயர், பேச்சில் ஐயர் என்போம், அதை அறிவிப்பார். பெண் இன்னார், மாப்பிள்ளை இன்னார், எந்தச் சபை, பெண் கன்னிகையா விதவையா, மாப்பிள்ளை பிரமச்சாரியா மனைவியை இழந்தவரா, எல்லாவற்றையும் வாசிப்பார். வாசித்துவிட்டு, இவர்கள் சேரக் கூடாது என்பதற்கு நியாயமான தடை எதுவும் உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லிவிடுங்கள் என்று கேட்டு நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு பாட்டு. இதைத் தமிழில் ஓலை வாசிப்பது என்போம். பெண்ணின் கோயிலிலும் மாப்பிள்ளையின் கோயிலிலும் அதே மூன்று ஞாயிறு வாசிப்பார்கள்.

கல்யாணம் என் அக்காவுக்கு. அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் டைப்பிஸ்ட். மாப்பிள்ளை குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அப்பா, அம்மா இல்லாத ஆள், முப்பத்துநாலு வயது, அதிகம் பேசமாட்டார். எங்கள் அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா நான் குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். எங்கள் வீட்டில் இருந்தது மூன்று பெண்கள், ஒரு சைக்கிள், ஒரு ரகசியம்.

ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு இருபது வயதில், அரக்கோணத்தில், ஒரு கல்யாணம் நடந்தது. நாற்பது நாள். மஞ்சள் காமாலை வந்து அந்த மனிதர் இறந்துபோனார். எனக்குப் பத்து வயது. அவர் எனக்கு ஒரு நெல்லிக்காய் ஜாடி வாங்கித் தந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அது நடந்து மூன்றாவது மாதம் அம்மா மாற்றல் வாங்கிக்கொண்டு எங்களைத் தாம்பரத்துக்குக் கூட்டி வந்தாள். ரயிலில் வரும்போது என்னைப் பக்கத்தில் இழுத்து, காதில் சொன்னாள். “அங்க யார் கேட்டாலும் அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. புரியுதா? வாயத் தொறந்த, தோலை உரிச்சிருவேன்.” ஒன்பது வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மாவை வில்லியாக்க நான் இதை எழுதவில்லை. அவளே முப்பத்துநாலு வயதில் தாலி அறுத்தவள். கிறிஸ்தவ வீடுதானே, அதெல்லாம் பார்க்கமாட்டார்கள் என்று சொல்பவர்கள் எங்கள் சொந்தக்காரர்களைப் பார்த்ததில்லை. பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போது அம்மாவைப் பின்னால் நகர்ந்து நிற்கச் சொல்வார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே நகர்வாள். அந்தச் சிரிப்பை அவள் பெண் சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். அதற்குமேல் அவளுக்கு வேறு எந்தக் கணக்கும் கிடையாது.

படிவத்தை நிரப்பிய விதம்தான் அசிங்கம். காலையில் அக்கா ஏழு நாற்பது எலக்ட்ரிக் டிரெயினைப் பிடிக்கச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். “கையெழுத்து மட்டும் போடு, மீதிய இவ எழுதிடுவா” என்று அம்மா படிவத்தைச் சுவரில் வைத்து நீட்டினாள். எல்லாக் கட்டமும் காலி. அக்கா கையெழுத்தைப் போட்டுவிட்டு என் தலையில் தட்டினாள்.

“பெரிய இங்கிலீஷ்காரி, ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்லாம எழுது. உள்ளத எழுதுடி.”

உள்ளதை எழுது என்று சொன்னாள். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவள் தெரு முனை திரும்பியதும் அம்மா என் எதிரில் உட்கார்ந்தாள். பெயர், வயது, தகப்பன் பெயர் எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. கன்னிகையா, விதவையா.

“என்ன எழுத?”

“இதென்ன கேள்வி? கன்னிகைன்னு எழுது.”

“கோயில் பேப்பர்மா.”

“எனக்குத் தெரியாதா? எழுதுடி சனியனே. அந்தப் பையனுக்குத் தெரிஞ்சா வருவானா? நீ போய் இன்னொருத்தன பிடிச்சிட்டு வருவியா?”

எழுதினேன். அழகாக, சரிந்த கையெழுத்தில், எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாமல் எழுதினேன். ஆயர் படித்துப் பார்த்துவிட்டு, “யார் எழுதினது? கையெழுத்து முத்து முத்தா இருக்கே” என்று பாராட்டினார். ஒரு நகலை அவரே குரோம்பேட்டை சபைக்கு அனுப்பினார்.

முதல் ஞாயிறு. ஓலை வாசிக்கும்போது பெண் கோயிலில் இருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், தன் கல்யாணச் செய்தியைத் தானே கேட்டால் ஆகாது என்பார்கள். அதனால் அக்கா வீட்டில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் நானும் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு. ஆயர் வாசித்தார். கன்னிகை என்ற சொல் மைக்கில் வந்தபோது அம்மாவின் கை என் முழங்காலைப் பிடித்தது. கேள்வி கேட்டார். நிறுத்தினார். நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு வரை எண்ணினேன். பின்னால் யாரோ இருமினார்கள். பிறகு ஆர்மோனியம் ஆரம்பித்தது. அம்மா கையை எடுத்தாள். முழங்காலில் நாலு விரல் பதிந்திருந்தது.

திங்கட்கிழமை காலேஜ் லைப்ரரிக்குப் போனேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு ஸ்டாண்டில் பெரிய இங்கிலீஷ் அகராதி விரித்து வைத்திருக்கும். அதைத் தூக்க இரண்டு கை வேண்டும். அந்தச் சொல்லைத் தேடினேன். எனக்கு என்ன ஆசை என்றால், அது வெறும் பழைய சம்பிரதாயச் சொல், அதற்கு உயிர் இல்லை என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருக்கவில்லை.

ஆயிரம் வருஷத்துக்கும் பழைய சொல் அது. ஆதியில் அதன் பொருள் நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொல்வது. நம் ஊரில் தண்டோரா போடுவதுதான். பிறகு ராஜாக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். சண்டைக்கு ஆள் வேண்டுமென்றால் இந்தச் சொல்லால்தான் கூப்பிடுவது. கூப்பிட்டு வராதவனுக்குத் தண்டனை, அந்தத் தண்டனைக்கும் இதே பெயர். இன்னதைச் செய்யாதே என்று ராஜா கூவினால் அந்தத் தடைக்கும் இதே பெயர். இன்றைக்கு நாம் பேப்பரில் தடை என்ற பொருளில் படிக்கிற பேன் என்ற இங்கிலீஷ் சொல் அப்படி வந்ததுதான். இவன் இனிமேல் ஊரில் சேர்த்தியில்லை என்று கூவப்பட்டவன் பேண்டிட், கொள்ளைக்காரன். அந்தக் குடும்பத்திலேயே, கைவிடுவது என்ற பொருளில், அபேண்டன் என்று இன்னொரு சொல்லும் இருந்தது. இவ்வளவு முரட்டுச் சொந்தக்காரர்களுக்கு நடுவில், கல்யாணத்துக்கு என்று கோயில் மட்டும் அதன் பழைய உருவத்தை, இங்கிலீஷில் இரண்டு ‘என்’ போட்டு, அப்படியே வைத்துக்கொண்டிருந்தது.

நின்றபடியே மூன்று தடவை படித்தேன். உள்ளங்கை வேர்த்துப் பக்கத்தில் ஒட்டியது. இவ்வளவு நாள் நான் ஓலை என்றால் ஒரு செய்தி என்று நினைத்திருந்தேன். கல்யாணம் நடக்கப் போகிறது, தெரிந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான் என்று. இல்லை. அது ஆள் கூப்பிடுவது. தெரிந்தவன் எவனாவது இருந்தால் எழுந்து வா என்று ஒரு ஊரையே கூப்பிடுவது. அந்தக் கூப்பாட்டின் நடுவில் என் சரிந்த கையெழுத்து உட்கார்ந்திருந்தது. வெளியே வந்து குழாயில் முகத்தைக் கழுவினேன். தண்ணீர் வரவில்லை, காற்றுதான் வந்தது. அந்தக் குழாயைக் கூட ஓங்கி அடித்தேன்.

அந்த வாரம் அக்கா சரியாக இல்லை. வேலை முடிந்து அவள் வரும் டிரெயின் குரோம்பேட்டையில் அரை நிமிஷம் நிற்கும். நிச்சயம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளை தினமும் அந்தப் பிளாட்பாரத்தில், லேடீஸ் கம்பார்ட்மென்ட் நிற்கிற இடத்தில், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்து நிற்பாராம். ஒரு வார்த்தை, ஒரு சிரிப்பு, வண்டி கிளம்பிவிடும். அக்கா அதை என்னிடம் சொல்லி வெட்கப்பட்டிருக்கிறாள். அந்தத் திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. புதனும் இல்லை.

“ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே இருக்கும்கா” என்றேன்.

“இருக்கும்” என்றாள். சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

இரண்டாவது ஞாயிறு. வாசித்தார், கேட்டார், நிறுத்தினார். நான் ஐந்து எண்ணும்போது ஆண்கள் பக்கம் ஒரு தலை திரும்பியது. திரும்பி நேராக எங்கள் பெஞ்சைப் பார்த்தது. வெள்ளைச் சட்டை, வழுக்கை, கறுத்த முகம். எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றியது. அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

ஆராதனை முடிந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டு வாசல் வழியாக நடந்தாள். நடந்தாள் என்ன, ஓடினாள். கேட்டருகில் அந்த ஆள் நின்றிருந்தார்.

“இன்னா சிஸ்டர், நம்மள ஞாபகம் கீதா? அரக்கோணம் பாடகர் குழுவுல இருந்தேனே. இப்பதான் ரயில்வே டிரான்ஸ்ஃபர்ல வந்துகீறேன்.”

“நாங்க அரக்கோணத்துல இருந்ததில்லீங்க. வேற யாரையோ நெனச்சிட்டுப் பேசறீங்க” என்றாள் அம்மா. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அந்த மனிதர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு வழிவிட்டு நகர்ந்துகொண்டார்.

எனக்கு அப்போதுதான் முகம் பிடிபட்டது. அக்காவின் முதல் கல்யாணத்தில் தனியாகப் பாடியவர் அவர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா படுத்துவிட்டாள். அக்கா என்னவென்று கேட்டதற்கு வெயில் என்றாள். அன்று மாலை அக்கா துணி எடுக்க மாடிக்குப் போனபோது என்னைக் கூப்பிட்டாள். “நீ போய் அந்தாளப் பாரு. கால்ல வேணா விழு. ஒரே ஒரு ஞாயித்துக்கிழம வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு. அதுக்கப்புறம் கல்யாணம் ஆயிடும், அப்ப ஊருக்கே சொல்லிக்கட்டும்.”

மறுநாள் காலேஜ் விட்டு ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போனேன். விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்து, கதவைத் தட்டும் வரை என்ன பேசுவது என்று தெரியாது. அவர் பனியனோடு உட்கார்ந்து டிரான்சிஸ்டரைக் கழற்றிப் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டை மாட்டிக்கொண்டார். நாற்காலி போட்டார். அந்த மரியாதை எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“அண்ணா, எங்கம்மா பொய் சொன்னாங்க” என்று ஆரம்பித்துவிட்டேன். அழுகையும் வந்து தொலைத்தது.

அவர் கடைசிவரை கேட்டார்.

“நா ஒண்ணும் உங்க வூட்டக் கெடுக்க வர்லம்மா. நல்ல பொண்ணு அது. அது கல்யாணத்துல பாடுனேன், அந்தப் பையன் அடக்கத்துலயும் நான்தான் பாடுனேன். ரெண்டுக்கும் நடுவுல நாப்பதே நாள், ஒரே கோயில். மறக்க முடியுமா சொல்லு?” என்றார். கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரை உருட்டிக்கொண்டிருந்தார். “ஆனா கோயில்ல வச்சு கேக்குறாரே. தெரிஞ்சவன் சொல்லுன்னு கேக்குறாரு. ரெண்டு வாட்டி தெரியாத மாதிரி குந்திகினு இருந்தேன். மூணாவது வாட்டி முடியுமான்னு தெரியல. அதுக்குள்ள நீங்களே வூட்ல பேசி ஐயருகிட்ட சொல்லிடுங்க. அதான் நல்லது.”

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அம்மாவிடம் வந்து, அவர் யோசிக்கிறேன் என்றார் என்று பொய் சொன்னேன். அம்மா அன்றிலிருந்து தினமும் அவருக்காக ஜெபம் பண்ண ஆரம்பித்தாள், அவருக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டி விழ வேண்டும் என்று.

செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வொரு நாளும் அக்கா இன்னும் கொஞ்சம் சுருங்கி வீட்டுக்கு வந்தாள். பிளாட்பாரத்தில் அவர் இல்லை. கல்யாண அழைப்பிதழ் ஒரு கட்டு பீரோ மேல் இருந்தது. ராத்திரி படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் கல்யாணம் நிற்கும், சொல்லாவிட்டால் கோயில் நடுவில் ஒருவர் எழுந்து நிற்பார். இரண்டில் எது வந்தாலும் பழி என் கையெழுத்துக்குத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா டூட்டிக்குப் போனதும் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். படிவம், கன்னிகை, அரக்கோணத்துப் பாடகர், எல்லாம். அவள் கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். கொக்கியை வாயிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

“என்னன்னு எழுதின?”

“கன்னிகைன்னு.”

“குரோம்பேட்டைக்கும் அதே பேப்பர்தான் போச்சா?”

தலையாட்டினேன். அக்கா என்னை அறைவாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஏதோ கூட்டிக் கழித்துப் பார்ப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“அவருக்குத் தெரியும்டி” என்றாள்.

“என்ன தெரியும்?”

“எல்லாம். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, கிணத்தடியில பத்து நிமிஷம் பேச விட்டீங்களே, அப்பவே சொல்லிட்டேன். பேரு, நாப்பது நாள், எல்லாம். நீங்க சொல்லாம விட்டிருந்தாதான் வருத்தப்பட்டிருப்பேன்னாரு. அம்மாகிட்ட இதச் சொன்னா கல்யாணத்தையே நிறுத்திருவாளோன்னு பயந்து நான் வாய மூடிக்கிட்டேன். ஆனா கோயில் பேப்பர்ல உள்ளதத்தான் எழுதுவீங்கன்னு நெனச்சேன். உன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்?”

அவள் தரையில் வைத்த கொக்கியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

“முதல் ஞாயித்துக்கிழம அவரு கோயில்ல உக்காந்து அதக் கேட்டிருக்காரு. திங்கக்கிழமையிலேருந்து பிளாட்பாரத்துக்கு வரல. அவரு என்ன நெனச்சிருப்பாரு சொல்லு. அவர்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு, ஆண்டவர் முன்னாடி வேற ஒண்ணு எழுதிக் குடுத்திருக்கான்னு நெனச்சிருப்பாரு. கையெழுத்து என்னோடதுதானே.”

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. நாங்கள் இரண்டு வாரமாகப் பயந்தது தப்பான இடத்தில். விதவை என்று தெரிந்தால் ஓடிவிடுவார் என்று எவருக்காகப் பொய் எழுதினோமோ, அவர் ஒருவருக்குத்தான் உண்மை தெரியும். பொய்யை உட்கார்ந்து கேட்டவரும் அவரே.

அன்று ராத்திரி டூட்டி முடிந்து வந்த அம்மாவிடம் அக்கா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிறு காலை அம்மா ஏழரைக்கே கோயிலுக்குக் கிளம்பினாள். எனக்கு வயிற்றுவலி என்றேன். “இன்னிக்குத்தான் வரணுமா உனக்கு வயித்துவலி” என்று திட்டிவிட்டுத் தனியாகப் போனாள். அவள் போன அஞ்சாவது நிமிஷம் அக்கா புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். “செருப்பப் போடு” என்றாள்.

ஸ்டேஷனில் வண்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அரை மணிக்கு ஒன்று, அதுவும் அன்றைக்கென்று தாமதம். குரோம்பேட்டையில் ஆராதனை எட்டு மணிக்கு. எட்டு பத்துக்கு வண்டி ஏறினோம். சானடோரியம் தாண்டி சிக்னலில் நின்றுவிட்டது. அக்கா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஏதோ பேச வாயெடுத்தேன். “ஒண்ணும் பேசாத” என்றாள். குரோம்பேட்டையில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது ஒரு பல்லவன் பஸ் எங்களை உரசிக்கொண்டு போனது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, “வூட்ல சொல்ட்டு வந்துட்டியா?” என்று கத்தினார். அக்காவுக்கு அது காதில் விழவேயில்லை.

கோயிலுக்குள் நுழையும்போது அறிவிப்புகள் நடந்துகொண்டிருந்தன. கடைசி பெஞ்சில், செருப்பு விடும் வாசலுக்குப் பக்கத்தில், இடம் கிடைத்தது. மாப்பிள்ளை முன்னால் ஆண்கள் பக்கம் இருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது, டிரில் மாஸ்டர் முதுகு, நேராக. பெண்கள் ஐக்கியக் கூட்டம் புதன்கிழமை என்றார்கள். சுகவீனமானவர்களுக்காக ஜெபம். பிறகு ஆயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தக் காகிதத்தை எடுத்தார்.

மூன்றாவதும் கடைசியுமான தடவை என்றார். மாப்பிள்ளையின் பெயர், பிரமச்சாரி. அக்காவின் பெயர், தாம்பரம், கன்னிகை. மாப்பிள்ளையின் தலை கொஞ்சம் குனிந்தது. கேள்வியைக் கேட்டார். நிறுத்தினார். நான் ஒன்று என்று எண்ணினேன். இரண்டு எண்ணவில்லை. பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது.

“எனக்குத் தெரியுங்க ஐயா” என்றாள் அக்கா.

இருநூறு தலை திரும்பியது. நான் செருப்பு வாசலைப் பார்த்தேன், ஓடிவிடலாமா என்று. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆயர் அந்தக் கேள்வியை எத்தனை வருஷமாகக் கேட்டாரோ, பதில் வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். அவர் வாய் திறந்தபடி நின்றார்.

“நீங்க யாரும்மா?”

“அந்தப் பேரு என்னோடது. அதுல கன்னிகைன்னு இருக்கறது தப்பு. நான் விதவை. அவருக்கு அது தெரியும், நான் சொல்லியிருக்கேன். பேப்பர்லதான் தப்பா எழுதிட்டாங்க. நான் படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். திருத்தி வாசிங்க.”

அவள் குரல் நடுங்கியது. ஆனால் ஒரு சொல்லையும் முழுங்கவில்லை. ஆயர் காகிதத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், முன்வரிசையைப் பார்த்தார்.

“விவரம் தப்புன்னா இது செல்லாதும்மா. மூணு தடவையும் மறுபடி முதல்லேருந்து வாசிக்கணும். கல்யாணத் தேதி தள்ளிப்போகும்.”

அப்போது மாப்பிள்ளை எழுந்தார். திரும்பி அக்காவைப் பார்க்கவில்லை, ஆயரைப் பார்த்துத்தான் பேசினார்.

“ஐயா, எனக்கும் தெரியும். ரெண்டு வாரமா எழுந்திரிக்கணும்னு நெனச்சு உக்காந்திருந்தேன். அவங்களுக்கு வெளிய தெரியறது பிடிக்கல போலிருக்குன்னு விட்டுட்டேன். தப்பு என்மேலயும் இருக்கு. மறுபடி வாசிங்க. இன்னும் மூணு வாரம்தானே.”

ஆயர் சரி என்று தலையை ஆட்டினார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஒரு பாட்டு எண்ணைச் சொன்னார். ஆர்மோனியக்காரருக்குக் கை ஓடவில்லை, இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் வாசித்தார். அக்கா உட்கார்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உதறவில்லை.

திரும்பி வரும்போது மாப்பிள்ளை ஸ்டேஷன் வரை வந்தார். வண்டி வந்ததும், “நாளைக்கு அதே வண்டிதானே?” என்று கேட்டார். அக்கா தலையாட்டினாள்.

வீட்டில் அம்மா எங்களுக்கு முன்னால் வந்திருந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. நாங்கள் எங்கே போயிருந்தோம் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. அக்காவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

“முடிஞ்சிது! மூணாவது ஓலையும் முடிஞ்சிது. அந்தாளு வந்திருந்தான்டி. ஐயர் கேக்கும்போது எனக்கு உயிரே போயிடுச்சு. தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தானே தவிர, வாயத் தொறக்கல. ஒருத்தரும் எழுந்திரிக்கல. ஆண்டவர் காப்பாத்திட்டார்.”

“நான் எழுந்திரிச்சேன்மா” என்றாள் அக்கா.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. சிரிப்பு அப்படியே இருந்தது. அக்கா நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள், கிணத்தடி, குரோம்பேட்டை, இன்னும் மூணு வாரம் என்று அவர் சொன்னது. சொல்லச் சொல்ல அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“எல்லார் முன்னாடியுமா?”

“எல்லார் முன்னாடியும்.”

“பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே அவனுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“ஒம்பது வருஷம்டி” என்றாள் அம்மா. “ஒம்பது வருஷம் ஒரு ராத்திரி நான் நிம்மதியாத் தூங்கல.” பிறகு அழுதாள். எங்கள் அப்பா இறந்தபோது கூட அம்மா அப்படி அழுததில்லை என்று பிற்பாடு அக்கா சொன்னாள். எங்களால் பக்கத்தில் போக முடியவில்லை. போனால் கையைத் தட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை நான் ஆயர் வீட்டுக்குப் போய்ப் புதுப் படிவம் வாங்கி வந்தேன். அதே பழுப்பு, தலையில் அதே சொல். இந்தத் தடவை அக்காவும் உட்கார்ந்திருந்தாள். நான் பெயர் எழுதினேன், வயது எழுதினேன். அந்தக் கட்டம் வந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இங்க குடு.”

பேனாவை என் கையிலிருந்து பிடுங்கினாள். ஆஸ்பத்திரிச் சார்ட்டில் எழுதுகிற பெரிய, நேரான கையெழுத்தில், அந்த இங்கிலீஷ் படிவத்தின் நடுவில், தமிழிலேயே எழுதினாள். விதவை. அதற்கு இங்கிலீஷில் என்ன என்று என்னைக் கேட்கவில்லை. மை காயும் வரை ஊதிவிட்டு, அடுத்த ஞாயிறு அக்காவும் கோயிலுக்கு வர வேண்டும், முன்னால்தான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டு, திரும்ப அடுப்படிக்குப் போனாள்.